ஈஆ என்றொரு நிறுத்தம்

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடணும். எனக்கு ஒரு பழக்கம் இருக்கு."

"சொல்லுங்க. ஆனா அசையாதீங்க, என் மூக்கு நுனியை மட்டும் பாருங்க."

"காலேஜ்ல ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் விட முடியல."

ஸ்கேலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "சிகரெட்டா?"

"இல்ல."

"அதைவிடப் பெரிசா?"

"என் லேப்டாப்புல எல்லாரும் வெச்சிருக்கிற சிஸ்டம் இல்ல. வேற ஒண்ணு. நிறைய பேர் கேள்விகூடப் பட்டிருக்க மாட்டாங்க."

"அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்."

"அவ்வளவுதானான்னு கேக்கறவங்கதான் ஆறு மாசம் கழிச்சு 'அதைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாரையும் மாதிரி ஒண்ணு வாங்கேன்'னு ஆரம்பிப்பாங்க. அப்பா சொன்னார், அக்கா சொன்னா, ஆபீஸ்ல சொல்லிட்டே இருக்காங்க. நீங்க சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். பதிலுக்கு நீங்களும் என்னைப் பிடிச்சு அது முன்னாடி உக்கார வெக்கக்கூடாது. எங்க மாமா, கல்யாணமான புதுசுல அத்தைக்குச் செஸ் சொல்லித் தர்றேன்னு உக்கார வெச்சார். இன்னைக்கும் அத்தை குதிரைப் படத்தைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்குவாங்க."

"மீறினா?"

"மீறினவங்க ஆயுசு முழுக்க வீட்டுத் துணி மொத்தத்துக்கும் இஸ்திரி போடணும்."

"சரி."

"சரி. இப்பவாவது மூக்கைப் பாருங்க. கண்ணைப் பாத்துட்டே இருந்தா நான் எப்படி அளவெடுக்கறது?"

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் நடந்த பேச்சு இது. ஸ்கேல் பிடித்தவன் கடைக்காரன். மூக்கைப் பார்க்கச் சொன்னால் கண்ணைப் பார்த்தவள், நகரப் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவள். பவர் சரியில்லை என்று அவள் திரும்பத் திரும்ப வந்தபோது, அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவனுக்கு இரண்டாம் முறையே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பிறகென்ன, கல்யாணம்தான்.

ஒப்பந்தத்தை இருவருமே மீறவில்லை. இஸ்திரியை ஒரு வாரம் அவள் போட்டாள், மறுவாரம் அவன் போட்டான்.

அவளுடைய இயங்குதளத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. நாத்தனார் வைத்த 'மௌனச்சாமி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, வேலை சரியாக முடிந்துவிட்டால் அது வாய் திறக்காது. முடிந்தது என்றுகூடச் சொல்லாது. அடுத்த கட்டளைக்காகச் சும்மா கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். தப்பு நடந்தால்தான் பேசும்; அதுவும் ஒரே வரி.

"இது எங்க அண்ணனுக்கு அண்ணனா பொறந்திருக்க வேண்டியது அண்ணி," என்பாள் நாத்தனார். "சாப்பாடு நல்லா இருந்தா அவனும் வாயே திறக்க மாட்டான். உப்பு கம்மின்னா மட்டும் ஒரு வரி."

நாத்தனாருக்கு முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலை. அவர்களோடு அதே வீட்டில் இருந்தாள். வீட்டிலும் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்வாள். தான் மட்டும் சோபாவில் வெல்லம் உருகின மாதிரிச் சரிந்து கிடப்பாள்.

மௌனச்சாமியோடு குடித்தனம் நடத்துவது எளிதல்ல. புது பிரிண்டர் வாங்கப் போனால் கடைக்காரர், "எல்லா சிஸ்டத்துலயும் ஓடும் மேடம்" என்று சத்தியம் செய்வார். பெயரைச் சொன்னால், "அது எந்த நாட்டுல கிடைக்குது?" என்பார். வங்கியின் இணையதளம் அவளைத் திருட்டுப் பூனையைப் பார்ப்பது போலப் பார்த்துக் கதவைச் சாத்தும். வீடியோ அழைப்பில் ஒருநாள் குரல் மட்டும் போகும். மறுநாள் முகமும் போகும், ஆனால் தலைகீழாக. "இன்னைக்கு மேடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அலுவலகத்தில் கூட்டத்தையே தொடங்குவார்கள்.

ஆனால் அவசரமாக அட்டவணை போக வேண்டிய காலையில், 'கொஞ்சம் பொறுங்கள், என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன்' என்று அது ஒருநாளும் அவளைக் காக்க வைத்ததில்லை. மற்ற கணினிகளெல்லாம் அலங்காரம் முடித்து வெளியே வருவதற்குள் அவளுடைய பேருந்துகள் முதல் நிறுத்தத்தைத் தாண்டியிருக்கும்.

அதில் எழுதுவதற்கென்று ஒரு கருவி உண்டு. கண்டிப்பான விடுதிக் காப்பாளர் மாதிரி அது. 'எழுதப் போகிறேன்' என்று ஒரு விசையைத் தட்டி அனுமதி வாங்கினால்தான் எழுத விடும். வெளியே வருவதற்கு 'எழுதி முடித்துவிட்டேன்' என்று இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். அதன்பின் ஒரு முக்காற்புள்ளி, இரண்டு ஆங்கில எழுத்து. இப்படி :wq. சேமித்துக்கொள், நான் போகிறேன் என்று பொருள். இது தெரியாமல் உள்ளே போனவருக்கு வெளியே வர வழி கிடையாது. பழகிவிட்டவருக்கோ வேறு சங்கடம்: எங்கே எதை எழுதி முடித்தாலும் விரல் தானாக அந்த மூன்றையும் தட்டிவிடும். தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும் நேரத்தில் தட்டினால், அந்த விசைகளில் உள்ள தமிழ் எழுத்துகள் வந்து விழும். :ஈஆ.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் போட்ட ஓர் அட்டவணை, அடியில் இந்த :ஈஆவோடு அச்சாகிப் பணிமனைச் சுவரில் ஏறிவிட்டது. ஓட்டுநர்கள் கூடி நின்று பார்த்தார்கள். கடைசியில் மூத்த ஓட்டுநர் அவள் மேசைக்கு வந்தார்.

"மேடம், கடைசி ஸ்டாப் ஈஆன்னு போட்டிருக்கீங்க. அது எங்க இருக்கு? போட்ட டீசல் போதுமா?"

இன்றைக்கும் ஒரு பேருந்து நடுவழியில் மக்கர் செய்து நின்றால், "பதினாறாம் நம்பர் ஈஆல நிக்குது" என்பதுதான் பணிமனையில் பேச்சு. அவள் இந்தக் கதையைச் சொன்னபோது கண்ணாடிக்காரன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தான். ஆனால் அது எப்படி விழுந்தது, ஏன் விழுந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

வருடத்துக்கு ஒருமுறை மௌனச்சாமியின் ஆட்கள் வேறோர் ஊரில் கூடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம் போதும். பாதி நாற்காலி மிஞ்சும். அங்கே போனால்தான் அவளுக்கு மூச்சே சரியாக வரும். எதையும் விளக்க வேண்டாம், எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு பல் மருத்துவர் தன் மனைவியோடு வருவார். இருவரும் ஒரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு 'நீ தள்ளு', 'நீங்க தள்ளுங்க' என்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். பார்த்தபின் தன் பக்கத்து நாற்காலியைப் பார்க்கத்தான் பிடிக்காது.

"இங்க யாராவது வர்றாங்களா?" என்று யாராவது கேட்பார்கள்.

"இல்ல, பைதான்," என்று சொல்லிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். எட்டு வருடமாகச் சொல்கிற பதில். ஒவ்வொரு வருடமும் பை கொஞ்சம் கனத்துக்கொண்டே போனது.

இந்த வருடம் அவளையே பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மௌனச்சாமியில் தமிழில் அட்டவணை அச்சடிப்பது எப்படி என்று அரைமணி நேரம். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். பேருந்துகளை நிமிடக் கணக்கில் ஓடவிடுகிறவளுக்கு மேடை என்றால் பயம். முன்வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவன் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம். அந்த மூக்கு இல்லாவிட்டால், 'மன்னிக்கவும், இயலவில்லை' என்று எழுதிவிட வேண்டியதுதான். எழுதிவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கேட்டுவிடலாம். இஸ்திரிக்கெல்லாம் அவள் பயப்படவில்லை. ஆனால் கேட்டதற்காக வந்து, கடமைக்கு உட்கார்ந்து, அவள் பேசப் பேசக் கொட்டாவி விட்டுவிட்டால்? அதற்குப் பையே தேவலை.

புதன்கிழமை காலை லிஃப்டில் ஒரு புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. கண்ணாடிக்காரன்தான் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். அறிவிப்புகளைக் கடையில் பில் போடுகிற கணினியில் தட்டி அச்செடுத்து வந்து, தானே பசை தடவி ஒட்டுவான். அது எல்லோரும் வைத்திருப்பது போன்ற சாதாரணக் கணினி.

'குடியிருப்போர் கவனத்துக்கு. நாளை காலை மேல்தொட்டி கழுவப்படும். மதியம்வரை தண்ணீர் வராது. பிடித்து வைத்துக்கொள்ளவும். செயலாளர். :ஈஆ'

லிஃப்டில் அவளும் நாத்தனாரும் இருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஏறிய தமிழ் வாத்தியார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அறிவிப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னம்மா இது? ஈன்னா ஈ. ஆன்னா பசு. தொட்டியில ஈ விழும், ஒத்துக்கறேன். பசு எப்படி மொட்டை மாடிக்கு ஏறும்?"

"அதனாலதான் சார் கழுவுறாங்க," என்றாள் நாத்தனார்.

"விளையாடாதே. செயலாளர் ஏதோ சொல்ல வந்திருக்கார். பாதியில விட்டுட்டார். உங்க அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லு."

"அவன்கிட்ட கேட்டு வாங்கறதுக்குப் பசுவையே மாடி ஏத்திடலாம் சார்."

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. வாத்தியார் இறங்கினார், நாத்தனார் இறங்கினாள். அவள் இறங்கவில்லை. கதவு மூடி, லிஃப்ட் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே போனது.

ஈஆ.

ஒருநாள் இரண்டு நாள் பழக்கத்தில் விரல் இப்படிப் போகாது. அந்தக் கருவியில் மாதக்கணக்காக உழன்றிருக்க வேண்டும். தமிழிலும் தட்டியிருக்க வேண்டும். அதன்பின்தான் பில் போடுகிற கணினியில்கூட விரல் தன் வீட்டுக்கு வழி தேடும். இந்தத் தப்பைச் செய்யத் தெரிந்தவள் இந்தக் கட்டடத்திலேயே, ஏன், இந்த ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

லிஃப்ட் மேல்மாடியில் நின்றது. அறிவிப்பைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்போது தோன்றிய சிரிப்பை நாத்தனார் பார்த்திருந்தால், "யாருக்கோ ஆப்பு ரெடி" என்று சொல்லியிருப்பாள்.

அன்று மாலை அவன் கடையிலிருந்து வந்து குளிக்கப் போனான். அவள் கூடத்து மேசையில் மௌனச்சாமியைத் திறந்து, மறுவார அட்டவணையை விரித்து, பதினாறாம் நம்பர் பேருந்து சந்தை நிறுத்தத்தை '7:70'க்குத் தொடுவதாக மாற்றினாள். திரையை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள். அங்கிருந்து பார்த்தால் கூடத்து அலமாரிக் கண்ணாடியில் மேசை முழுதாகத் தெரியும்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வந்தான். மேசையைத் தாண்டிப் போனான். நின்றான். இரண்டடி பின்னால் வந்து திரையைப் பார்த்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான். அவள் வெங்காயத்தை இன்னும் பலமாக நறுக்கினாள். அவன் போய்விட்டான்.

சரி, நம் கணக்குத்தான் தப்பு என்று அவள் நினைத்த நேரத்தில் திரும்பி வந்தான். வலது கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே குனிந்து நாலைந்து விசைகளைத் தட்டினான். பூக்கடைக்காரர் முழம் போடுகிற வேகம். பிறகு ஒன்றும் நடக்காதது போலப் போய் நாத்தனாரின் காலைத் தள்ளிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தான்.

அவள் வந்து பார்த்தாள். 8:10. போதாததற்கு, கோணலாக இருந்த ஒரு பத்தியையும் நேராக்கியிருந்தான். மௌனச்சாமி ஒன்றும் சொல்லாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது என் பொட்டியைத் தொட்டீங்களா?"

"நானா? அதையா?" என்றான் அவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "ஒப்பந்தம் இருக்குல்ல."

"இல்ல, கேட்டேன். இன்னைக்கு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், இதுல எழுதற இடத்துலேர்ந்து வெளிய வரணும்னா ஒரே வழிதானாம். பொட்டியையே ஆஃப் பண்ணிடணுமாம்."

செய்தித்தாள் லேசாக நடுங்கியது. மேலும் கீழுமாக ஒருமுறை ஆடியது. உள்ளிருந்து இருமல் வந்தது. அது சிரிப்பா, எரிச்சலா என்று சொல்ல முடியவில்லை.

நாத்தனார் மட்டும் அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் இல்லை. குளியலறையில் வாளிகள் வரிசையாக நிறைந்து நின்றன. கண்ணாடிக்காரன் மொட்டை மாடியில் தொட்டி கழுவுகிறவர்களோடு இருந்தான். அவள் நாத்தனாரைப் பிடித்தாள். கடைசி வெந்நீர் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"உண்மையைச் சொல்லு. இல்லேன்னா இன்னைக்கு உனக்குக் குளியல் கிடையாது."

"அண்ணி, எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு இடுப்புவலி வருது."

"இடுப்புவலி காத்திருக்கட்டும்."

நாத்தனார் வாளியைப் பார்த்தாள். அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா, பச்சைத் தண்ணீரில் குளிப்பதா என்று அவள் யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தீங்கல்ல. அப்பத்தான் இங்க மோட்டார் எரிஞ்சு போச்சு. நோட்டீஸ் ஒட்டணும். கடை கம்ப்யூட்டர் ரிப்பேர். அண்ணன், 'நாலு வரிதானே'ன்னு நீங்க வெச்சுட்டுப் போன பழைய லேப்டாப்பைத் தொறந்தான். உள்ள போயிட்டான். வெளிய வரத் தெரியல."

"அப்புறம்?"

"என்னென்னமோ தட்டினான். கெஞ்சினான். 'தயவுசெஞ்சு விடு'ன்னு தமிழ்லயே தட்டினான். அது அதையும் வாங்கிக்கிட்டு மறுபடி கண்ணைச் சிமிட்டுச்சு. ஒயரைப் பிடுங்கினான். பேட்டரி இருக்கே அண்ணி? நாலு வருஷமா தேஞ்ச பேட்டரி, அன்னைக்குன்னு பாத்துப் பதிவிரதையா நின்னுச்சு. அது தீர்ற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருந்தான், பாவம். ஆஃப் பண்ற பட்டனை அமுக்கிப் பிடிக்கலாம்னு எனக்குத் தெரியும். சொல்லல. பொழுது நல்லாப் போச்சு."

அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, ரோஷம். மிச்சத்தைக் கடையில போய்ப் பாருங்க. பின்னறையில பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. இப்ப வாளியை விடுங்க, ஆறுது."

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சிரித்துவிடுவோம் என்று பயம். சிரித்து முடித்தபின் என்ன கேட்போம் என்பது அதைவிடப் பெரிய பயம். ரோஷத்தில் கற்றுக்கொண்டவன், கற்றபின் ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? விளையாட்டு என்று தொடங்கியது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

சனிக்கிழமை சாயங்காலம், பதில் அனுப்பாமலேயே பையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரு வயதான அம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்காரரை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நரைச்சிருச்சா உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

"என்ன இந்தப் பக்கம்?" என்றான் கண்ணாடிக்காரன்.

"பவர் சரியில்ல."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பழைய பொய்யை அடையாளம் கண்டுகொண்டான். எட்டு வருடத்துக்கு முன் செய்த மாதிரியே ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

பின்னறை சிறியது. முன்பு பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை தொங்கிய சுவரில் இப்போது ஒரு பழைய திரை இருந்தது. அவள் வீட்டிலிருந்து பழைய சாமான்காரருக்குப் போனதாக நம்பிக்கொண்டிருந்த அதே திரை. அவள் மூக்கின்மேல் கனமான சோதனை ஃபிரேமை மாட்டிவிட்டு, அவன் பின்னாலிருந்த கணினியில் ஏதோ தட்டினான். தமிழ் எழுத்துகள் மேலே பெரிதாகவும் கீழே வரவரச் சின்னதாகவும் வந்து நின்றன. அதற்கு முன்னால் ஒரு நொடி, கறுப்புத் திரை மின்னி மறைந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அந்தப் பொட்டியில என்ன ஓடுது?"

"எழுத்து ஓடுது. நேராப் பாரு." ஒரு லென்ஸைச் செருகினான். "இது தெளிவா," இன்னொன்றைச் செருகினான், "இது தெளிவா?"

"ஏழு எழுபதை எட்டுப் பத்து ஆக்கினது யாரு?"

"இது தெளிவா, இது தெளிவா?"

"முதல்ல இருந்ததுதான் தெளிவு. மூணாம் மாடி வாத்தியார் பசுவைத் தேடிக்கிட்டு இருக்கார், தெரியுமா?"

"எந்தப் பசு?"

அவள் செல்பேசியை எடுத்துப் படத்தை நீட்டினாள். அவன் படித்தான். அறிவிப்பின் கடைசியில் வந்ததும் காது மடல் சிவந்தது.

"இது அதுலயா இருந்துச்சு? நான் கவனிக்கவே இல்லையே."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறீங்க."

"நாலு நாளாத் தொங்குதா?"

"தொங்குது. ரெண்டாம் மாடியில அதை ஒரு அரசியல் கட்சின்னு சொல்றாங்க."

அவன் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தான். அவளும் சிரித்தாள், கனமான ஃபிரேம் மூக்கில் குதித்தது. சிரிப்பு அடங்கியபின் அவள் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

அவன் லென்ஸ் பெட்டியை மூடித் திறந்து மூடினான்.

"பேட்டரி தீர்ந்த அன்னைக்கு ரோஷமாத்தான் இருந்துச்சு. கடையில ஆள் இல்லாத நேரத்துல கத்துக்கிட்டேன். அப்புறம் பிடிச்சுப் போச்சு. நீ திரையைப் பாத்து ஏன் தனியாச் சிரிக்கறேன்னு புரிஞ்சுது. போன வருஷம் நீ கூட்டத்துக்குக் கிளம்பறப்போ, ஒரு வார்த்தை கூப்பிடுவேன்னு ஷூவைக்கூடத் துடைச்சு வெச்சேன். நீ பையைத் தூக்கிக்கிட்டு போயிட்டு வர்றேன்னு போயிட்டே. சரி, அது உன் இடம். எங்க எல்லார்கிட்டேர்ந்தும் தப்பிச்சுப் போறதுக்கு உனக்குன்னு இருக்கற ஒரே இடம். கூப்பிடாத வீட்டுக்குள்ள நானா எப்படி வர்றது?"

போன வருடம் வாசலில் ஷூ பளபளவென்று இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதைத் தாண்டித்தான் போயிருந்தாள். கடைக்கு யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் போல என்று நினைத்துக்கொண்டு.

"நான் கூப்பிட்டிருந்தா இஸ்திரி," என்றாள் மெல்ல.

"ஆமா. ஆயுசுக்கும்."

"தப்பு நடந்தாத்தான் வாயைத் திறக்கணும்னு நம்ம வீட்டுல யாரு சட்டம் போட்டது?"

"மௌனச்சாமி," என்றான் அவன். பிறகு எழுந்து, திரையைக் காட்டினான். "சரி, வந்த வேலையைப் பாப்போம். கடைசி வரியைப் படி."

"படிச்சா ஒப்பந்தத்தை மீறினதா ஆகுமா?"

"பலகையைப் படிக்கறதுக்கெல்லாம் இஸ்திரி கிடையாது. கேட்டாத்தான்."

திரையின் அடியில் எறும்பு வரிசை போல எழுத்துகள் இருந்தன. அவள் கண்ணை இடுக்கினாள். "முதல் எழுத்து 'எ'. அப்புறம் 'ன்'. அப்புறம்..."

"அங்க 'எ'வே இல்லையே."

"எனக்கு அப்படித்தான் தெரியுது. பவர் சரியில்லன்னு சொன்னேனே."

"அப்ப முழுசாப் படி."

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்வது, முக்காற்புள்ளி போட்டுத் தப்பித்து வெளியே வருகிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் சோதனை ஃபிரேமைக் கழற்றி மடியில் வைத்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். திரும்பி, அவன் மூக்கு நுனியைப் பார்க்கத் தொடங்கி, எட்டு வருடத்துக்கு முன் போலவே கண்ணில் போய் நின்றாள்.

"இஸ்திரியை நானே போட்டுக்கறேன். என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்தத் தடவை நீங்களும் என்னோட வாங்க. வந்து என் பக்கத்து நாற்காலியில உக்காருங்க."